சேற்று நீரும் சிறுநீரகமும்

வட அந்தமானில் திக்லிபூர் என்றோர் ஊர் உண்டு. அந்தமான் தீவுகளிலேயே மிக உயர்ந்ததாகிய சாடில் சிகரம், 732 மீட்டர் உயரத்துடன், அவ்வூருக்கு அண்மையில் நிற்கிறது. அதன் சரிவுகளில் பிறக்கும் கல்பாங் ஆறு வடக்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கிறது. மே மாதத்தில் தொடங்கும் மழை ஆண்டின் இறுதி வரை விட்டு விட்டுப் பெய்யும். நாடு பிரிந்த பின்னர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் 1950களில் இங்குக் காடு திருத்தி நெல் விளைத்தன. பிற்காலத்தில் பல மாநிலத்தவரும் இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்தனர், தமிழர்களும் வந்தனர். வயலிலும் தோட்டத்திலும் கடைத்தெருவிலும் சாலை வேலையிலும் இன்று அவர்களைக் காணலாம்.

சிறுநீரகத்தைப் பற்றிப் பேசப் புகுந்த நாம், ஓர் ஊரின் மழையையும் வயலையும் ஏன் வருணிக்கிறோம் என்று நேயர்கள் எண்ணக்கூடும். சிறுநீரகம் கெடுவதற்கான காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, மழை நீர் தேங்கிய வயலில் வெறுங்காலுடன் இறங்கும் உழைப்பாளியைக் குறிவைத்து வருவது. அந்த உண்மையை நம் நாட்டுக்கு அழுத்தமாக உணர்த்திய ஊர்களில் திக்லிபூர் முக்கியமானது. ஆகவே, அங்கிருந்தே தொடங்குவோம்.

பெயர் தெரியாத காய்ச்சல்

1988ஆம் ஆண்டு முதல் அந்தமானில் ஒரு விதமான கடுங்காய்ச்சல் தலைகாட்டத் தொடங்கியது. மழைக்காலத்தின் பிற்பகுதியில், அக்டோபர், நவம்பர் மாதங்களை ஒட்டி அது வரும். திடகாத்திரமான உழைப்பாளிகள் திடீரெனக் காய்ச்சலில் வீழ்வர். உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். சிலருக்கு இருமலில் இரத்தம் வரும். மூச்சுத் திணறி, சில நாள்களுக்குள்ளேயே உயிரிழப்போரும் உண்டு. இன்ன கிருமியால் வருவது என்று தெளியாத நிலையில், மருத்துவர்கள் அதற்கு ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று பெயர் சூட்டியிருந்தனர்.

1993ஆம் ஆண்டின் இறுதியில் திக்லிபூர்ப் பகுதியில் இக்காய்ச்சல் பரவியபோது, போர்ட் பிளேரில் உள்ள வட்டார மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தினர் அதனை ஆராய்ந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த அந்நிலையம் 1983இல் நிறுவப்பட்டது. போர்ட் பிளேர் நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்ற புதிய பெயர் இடப்பட்டதை நேயர்கள் அறிந்திருப்பர். நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது விடை கிடைத்தது. புதிய நோய் எதுவும் அங்கே தோன்றவில்லை. ‘லெப்டோஸ்பைரா’ என்னும் பழைய கிருமியே இத்தனைக்கும் காரணம் என்று வெளிப்பட்டது. அக்கிருமி விளைவிக்கும் நோயை நாம் தமிழில் எலிக்காய்ச்சல் என்கிறோம்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. டெய்லர், கோய்ல் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், அந்தமானில் இந்நோய் இருப்பதை 1931ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதி வெளியிட்டிருந்தனர். அறுபது ஆண்டுகளில் அந்த அறிவு ஏட்டில் உறங்கிப் போயிற்று. கிருமியோ சேற்றில் உறங்கவில்லை. நாம் மறந்தாலும் நோய் நம்மை மறப்பதில்லை என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

இரத்தத்தை வெளுக்கும் தொழிற்சாலை

இக்கிருமி சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்று காணுமுன், சிறுநீரகம் நமக்கு என்ன செய்கிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

நம் முதுகெலும்பின் இரு புறத்திலும், விலா எலும்புகளின் கீழ் ஓரத்தை ஒட்டி, அவரை விதையின் வடிவில் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவே இருக்கும். எனினும் நிமிடந்தோறும் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் இவ்விரண்டின் வழியாகவும் பாய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டியிலும் மெல்லிய இரத்தக் குழாய்களாலான ஒரு முடிச்சும், அதனைத் தொடர்ந்து நீண்டு வளைந்து செல்லும் ஒரு நுண்குழலும் உண்டு.

முடிச்சின் வழியாக நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. இது முழுவதும் வெளியேறிவிடுமாயின் ஒரு மணி நேரங்கூட நாம் உயிர் வாழ இயலாது. நுண்குழல்கள்தாம் நம்மைக் காக்கின்றன. உடலுக்கு வேண்டிய நீரையும் உப்பையும் சர்க்கரையையும் அவை திரும்ப உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. வேண்டாத கழிவு மட்டும் ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியேறுகிறது. வீட்டிலுள்ள பொருள்களையெல்லாம் முற்றத்தில் கொட்டி, வேண்டியவற்றைப் பொறுக்கி உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, குப்பையை மட்டும் வெளியே தள்ளும் இல்லத்தரசியின் செயலை இது ஒக்கும்.

இத்துடன் சிறுநீரகத்தின் பணி முடிவதில்லை. இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும், இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பெருக்கும்படி எலும்பு மச்சைக்குக் கட்டளை அனுப்புவதும், உயிர்ச்சத்து ‘டி’யை உடல் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றி எலும்பை உறுதிப்படுத்துவதும், உடலில் அமிலம் மிகாமல் காப்பதும் இதன் கடமைகளே. ஆகையால்தான் சிறுநீரகம் கெட்டவருக்குச் சோகை வருகிறது, எலும்பு வலுவிழக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓர் உறுப்பின் கேடு உடல் முழுவதும் எதிரொலிக்கிறது.

கேடு வரும் மூன்று வழிகள்

சிறுநீரகத்துக்குக் கேடு மூன்று வழிகளில் வரும் என்று மருத்துவ நூலார் வகுப்பர்.

முதலாவது, சிறுநீரகத்திற்கு இரத்தம் போதாமற் போவது. பேதியாலும் வாந்தியாலும் உடல் நீர் வற்றினாலோ, இரத்தம் மிகுதியாக வெளியேறினாலோ, கடும் வெயிலில் நீர் அருந்தாமல் உழைத்தாலோ இந்நிலை உண்டாகும். வாய்க்காலில் நீர் வராத வயல் வாடுவது போலாம் இது. காலத்தே நீர் ஊட்டினால் பயிர் பிழைக்கும். காலம் கடந்தால் கருகும்.

இரண்டாவது, சிறுநீரகத்தின் உள்ளேயே தாக்குதல் நிகழ்வது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இவ்வழியில் பல ஆண்டுகள் மெல்ல மெல்லத் தின்றுகொண்டே வருகின்றன. இன்று நீடித்த சிறுநீரகக் கேட்டிற்கு இவ்விரண்டுமே தலையாய காரணங்களாக விளங்குகின்றன. சில கிருமி நோய்கள், பாம்புக் கடியின் நஞ்சு, வலி நீக்கும் மாத்திரைகளை அளவின்றி விழுங்குதல், பாதரசம், ஈயம் முதலிய உலோகங்கள் கலந்த மருந்துகள் ஆகியனவும் இவ்வகையிற் சேரும்.

மூன்றாவது, சிறுநீர் வெளியேறும் பாதை அடைபடுவது. கல், வயது முதிர்ந்த ஆடவரிடம் காணப்படும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் ஆகியவை அடைப்பை உண்டாக்கும். அடைபட்ட நீர் பின்னோக்கித் தேங்கிச் சிறுநீரகத்தை அழுத்திக் கெடுக்கிறது.

இவற்றுள் சில கேடுகள் திடீரென வந்து, தக்க மருத்துவத்தால் திடீரெனவே நீங்குவன. வேறு சில மூன்று மாதங்களுக்கு மேலாக நீடித்து, மீளாத தன்மையை அடைவன. எலிக்காய்ச்சலால் வருவது பெரும்பாலும் முதல் வகை. இதில்தான் நம் நம்பிக்கையும் அடங்கியிருக்கிறது. நம் பொறுப்பும் அடங்கியிருக்கிறது.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீரகத்திற்கு

1886ஆம் ஆண்டில் அடால்ஃப் வைல் என்னும் ஜெர்மானிய மருத்துவர், காய்ச்சல், மஞ்சள் காமாலை, சிறுநீரக அழற்சி ஆகியன ஒருங்கே தோன்றும் ஒரு நோயை விவரித்தார். காரணம் அவருக்கும் விளங்கவில்லை. 1907இல் அமெரிக்காவில் ஸ்டிம்சன் என்பவர், மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத்தை நுண்பெருக்கியில் பார்த்தபோது, அதன் நுண்குழல்களில் சுருள் சுருளான கிருமிகளைக் கண்டார். அவற்றின் நுனி கொக்கி போல வளைந்திருந்தது. பின்னர் ஜப்பானில் இனாடா, இடோ என்னும் அறிஞர்களும் அவர்தம் குழுவினரும் இக்கிருமியே வைல் கண்ட நோயின் காரணம் என்று 1915ஆம் ஆண்டையொட்டி நிலைநாட்டினர். அந்நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வாட்டிய நோய் அது.

இக்கிருமியின் வாழ்க்கை விந்தையானது. அது எலியின் சிறுநீரக நுண்குழல்களில் குடியிருக்கிறது. எலிக்கோ அதனால் துன்பம் ஏதும் பெரிதாக இல்லை. குத்தகையின்றிக் குடியிருப்பவனைப் போல, மாதக்கணக்கில் அங்கேயே தங்கிப் பல்கிப் பெருகி, எலியின் சிறுநீருடன் வெளியேறுகிறது. மாடு, பன்றி, நாய் முதலிய விலங்குகளும் இவ்வாறே இக்கிருமியைச் சுமப்பதுண்டு. ஈரமான மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெயிலும் உலர்ச்சியும் அதற்குப் பகை. ஆனால் மழைக்கால வயலில் வெயில் ஏது, உலர்ச்சி ஏது?

அந்த நீரில் ஒரு மனிதன் இறங்குகிறான். காலில் ஒரு சிராய்ப்பு. விரலிடுக்கில் ஒரு சேற்றுப்புண். அல்லது நெடுநேரம் ஊறி நொந்த தோல். அவ்வழியே கிருமி உட்புகுகிறது. கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்மையான சவ்வு வழியாகவும் புகும். இரத்தத்தில் நீந்திச் சென்று கல்லீரல், நுரையீரல், தசை, மூளையுறை என எங்கும் பரவுகிறது. முடிவில் தனக்குப் பழக்கமான இடத்தைத் தேடிச் சிறுநீரகத்தை அடைகிறது. எலிக்கு ஊறு செய்யாத அக்கிருமி, மனிதனின் சிறுநீரகத்தில் அழற்சியை எழுப்புகிறது. ஒரு பிராணியின் சிறுநீரகத்திலிருந்து புறப்பட்டு மனிதனின் சிறுநீரகத்தில் வந்து முடியும் இந்தப் பயணத்திற்கு, வயல் நீரே வழித்தடமாக அமைகிறது.

உள்ளே நிகழ்வது என்ன?

கிருமி உட்புகுந்து ஐந்து முதல் பதினான்கு நாள்களுக்குள் பெரும்பாலும் காய்ச்சல் தோன்றும். குளிர் நடுக்கம், தலைவலி, கண்ணில் பீளையின்றிச் சிவப்பு, இடுப்பிலும் கெண்டைக்காலிலும் தொட்டாலே பொறுக்க முடியாத வலி ஆகியன இதன் அடையாளங்கள். பெரும்பாலோர்க்கு இந்த அளவில் நோய் தணிந்துவிடும். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது முற்றி, மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ தோன்றும்.

சிறுநீரகத்தில் இது முதலில் தாக்குவது நுண்குழல்களை. பொருள்களைப் பொறுக்கி உள்ளே எடுக்கும் இல்லத்தரசி நோயுற்றால் என்ன ஆகும்? குப்பையோடு நல்ல பொருளும் வெளியே போகும். அதுவே இங்கும் நேர்கிறது. உடலுக்கு வேண்டிய சோடியம், பொட்டாசியம் என்னும் உப்புச் சத்துகளும் நீரும் சிறுநீரோடு வெளியேறுகின்றன. ஆகவே, தொடக்கத்தில் சிறுநீரின் அளவு குறைவதில்லை. சிலருக்கு மிகுதியாகவே போகும். இதைக் கண்டு, “நீர் நன்றாகத்தான் போகிறது, சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை” என்று வீட்டார் ஆறுதல் கொள்வர். அந்த ஆறுதல் பொய்யானது. நீர் போகிறது, கழிவு போகவில்லை. யூரியா, கிரியாட்டினின் முதலிய கழிவுகள் இரத்தத்தில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும்.

காய்ச்சலின் வெப்பத்தாலும் வாந்தியாலும் உடலின் நீர் மேலும் வற்றும்போது, நாம் மேலே கூறிய முதல் வழியும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. அப்போதுதான் சிறுநீர் குறைந்து, கறுத்து, நின்றும் போகிறது. முகமும் காலும் வீங்கும், குமட்டலும் விக்கலும் தோன்றும், அறிவு மயங்கும், மூச்சு வாங்கும். இந்நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்பற்றது.

ஒரே மனிதன், இரண்டு முடிவுகள்

ஒரு குடும்பத் தலைவரை மனத்தால் எண்ணிப் பார்ப்போம். அவர் ஒரு வாரமாக வயலில் வேலை செய்தவர். ஒரு மாலையில் நடுக்கத்துடன் காய்ச்சல் வருகிறது. கெண்டைக்கால் வலி தாங்கவில்லை. “மழையில் நனைந்ததால் வந்தது, இரண்டு நாள் பொறுத்தால் சரியாகும்” என்கிறார். கடையில் உடம்பு வலிக்கென்று மாத்திரை வாங்கி, வேளைக்கு இரண்டாக விழுங்குகிறார். வலி சற்றுத் தணிகிறது. மறுநாளும் வேலைக்குப் போகிறார். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிறது. ஏழாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை.

இவர் செய்த பிழைகள் யாவை? முதற்பிழை, காத்திருந்தது. எலிக்காய்ச்சலுக்கு அரிய மருந்து ஏதும் தேவையில்லை. பெனிசிலின், டாக்சிசைக்ளின், செஃப்ட்ரியாக்சோன் ஆகிய எங்கும் கிடைக்கும் கிருமிக்கொல்லி மருந்துகளே இதற்குரியவை. அவற்றைத் தொடக்க நாள்களில் கொடுத்தால் பயன் மிகுதி. நோய் முற்றியபின் கொடுத்தால், கிருமி அழிந்தாலும் உறுப்புகளுக்கு நேர்ந்த கேடு நின்றுவிடுவதில்லை.

இரண்டாம் பிழை, வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் முதலியன சிறுநீரகத்துக்குப் பாயும் இரத்தத்தைக் குறைக்கும் தன்மையுடையவை. நலமுள்ளவர் மருத்துவர் சொற்படி ஓரிரு நாள் உட்கொள்வதால் பெருந்தீங்கு வாராது. ஆனால் கிருமியால் தாக்குண்டு, நீர் வற்றிக் கிடக்கும் சிறுநீரகத்துக்கு அம்மாத்திரை, வீழ்ந்தவன்மேல் விழுந்த அடியாகும். காய்ச்சலைத் தணிக்கப் பாராசிட்டமாலை மருத்துவர் கூறும் அளவில் கொள்வதே தக்கது.

மூன்றாம் பிழை, தாம் செய்யும் வேலையை மருத்துவரிடம் சொல்லாமை. அந்தமானில் மலேரியாவும் டெங்குவும் உண்டு; மூன்றும் தொடக்கத்தில் ஒன்று போலவே தோன்றும். “நான் வயலில் வேலை செய்தேன், காலில் புண் இருந்தது, மாட்டுத் தொழுவம் கழுவினேன்” என்ற ஒரு வாக்கியம், மருத்துவரின் சிந்தனையைச் சரியான திசையில் திருப்பிவிடும். இன்னொன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் தோன்ற ஒரு வாரம் வரை ஆகலாம். எனவே, மூன்றாம் நாளில் செய்த சோதனையில் நோய் இல்லை என்று வந்தாலும், அதையே முடிவாகக் கொள்வதற்கில்லை. மருத்துவர் ஐயத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவாராயின், அவரை நம்பி உட்கொள்ள வேண்டும்.

அதே மனிதர் இரண்டாம் நாளே மருத்துவமனைக்குச் சென்றிருப்பாராயின், பெரும்பாலும் ஒரு வார மருந்தோடு எழுந்து நடமாடியிருப்பார்.

முற்றிய நிலையிலும் நம்பிக்கை உண்டு

சிறுநீரகம் செயலற்றுப் போனவரும் பிழைக்க வழி இருக்கிறது. 1943ஆம் ஆண்டில், ஜெர்மானியப் படைகளின் ஆதிக்கத்திலிருந்த ஹாலந்து நாட்டில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர், மெல்லிய செலோஃபேன் குழாயை ஓர் உருளையின்மேல் சுற்றி, இரத்தத்தை அதனுள் ஓடவிட்டுக் கழிவை நீக்கும் பொறியைச் செய்தார். 1945இல் அப்பொறியால் முதன்முதலாக ஒரு நோயாளி உயிர் பிழைத்தார். அதன் வழிவந்ததே இன்று எங்கும் ‘டயாலிசிஸ்’ என்று வழங்கும் இரத்தச் சுத்திகரிப்பு. எலிக்காய்ச்சல் நோயாளிக்குச் சில நாள்களோ ஓரிரு வாரங்களோ இது தேவைப்படலாம். இதற்குள் நுண்குழல்களின் உட்சுவர் மீண்டும் வளர்ந்துவிடும். பிழைத்தெழுந்தவருள் பெரும்பாலோர்க்குச் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எனினும் சிலருக்குக் குறை தங்கிவிடுவதால், குணமான பின்னரும் சில மாதங்கள் கழித்துச் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்வது நல்லது.

நீரிழிவாலும் இரத்த அழுத்தத்தாலும் மெல்லக் கெட்ட சிறுநீரகத்தின் கதை வேறு. அது வலிப்பதில்லை; எச்சரிப்பதில்லை. பாதித் திறன் போகும் வரை கிரியாட்டினின் அளவுகூடப் பெரிதும் உயராமல் இருக்கலாம். முன்கூட்டி அறிவிக்கும் தூதன் சிறுநீரில் கசியும் புரதமே. 1827இல் லண்டனில் ரிச்சர்டு பிரைட் என்னும் மருத்துவர், ஒரு கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டி, அதில் புரதம் திரிவதைக் கொண்டு சிறுநீரக நோயை உணர்ந்தார். இன்றைய சோதனை அதனினும் எளிது, நுட்பமானது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை இதனைச் செய்துகொண்டால் போதும். முற்றிலும் கெட்டபின், வாழ்நாள் முழுவதும் இரத்தச் சுத்திகரிப்பு அல்லது மாற்றுச் சிறுநீரகம் ஆகிய இரண்டே வழிகள். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் மாற்றுச் சிறுநீரகம் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் ஒரு சிறப்பான நிகழ்ச்சி. ஆயினும், மாற்றுவதைவிடக் காப்பது எளிது என்பதை யாவரும் ஒப்புவர்.

வருமுன் காத்தல்

எலிக்காய்ச்சலைத் தடுக்க நாம் செய்யக்கூடியவை பெரும்பாலும் நம் கைக்குள் அடங்கியவையே.

வயலிலோ சாக்கடையிலோ தொழுவத்திலோ வேலை செய்வோர் முழங்கால் வரையிலான ரப்பர் காலணி அணிதல் நலம். சேற்று உழவில் அது வசதிப்படாது என்பதை நாம் அறியாமல் இல்லை. அவ்வாறாயின், இறங்குமுன் காலிலுள்ள புண்ணை நீர் புகாதவாறு கட்டிக்கொள்ளவாவது வேண்டும். கரையேறியதும் நல்ல நீரும் சோப்பும் கொண்டு கழுவிக்கொள்ள வேண்டும். தேங்கிய நீரில் முகங் கழுவுவதும், வாய் கொப்பளிப்பதும் கூடா. குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் கிருமி மடியும். நெல்லையும் தேங்காயையும் எலி அண்டாதபடி மூடி வைப்பதும், வீட்டைச் சுற்றிலும் குப்பை சேராமல் காப்பதும், தொழுவத்து நீர் கிணற்றுப் பக்கம் ஓடாமல் வாய்க்கால் வெட்டுவதும் குடும்பத்தார் அனைவரின் கடமை. வெள்ளம் வடிந்த பின்னர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும்.

மாத்திரையால் தடுக்க இயலுமா என்று வினவலாம். இவ்வினாவுக்கு விடை தேடும் ஆராய்ச்சி ஒன்றும் வட அந்தமானிலேயே நடைபெற்றது. வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் உட்கொண்டோரையும் உட்கொள்ளாதோரையும் ஒப்பிட்டு, அதன் முடிவை ஆராய்ச்சியாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கிருமி உட்புகுவதை மாத்திரை பெரிதும் தடுக்கவில்லை. ஆனால் நோயாக வெளிப்பட்டோரின் தொகை, மாத்திரை உட்கொண்டோரிடம் பாதிக்கும் குறைவாக இருந்தது. 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபின், அம்மாநிலச் சுகாதாரத் துறை மீட்புப் பணியாளர்க்கும் மக்களுக்கும் இம்மாத்திரையை வழங்கியது. எனினும் இதனைத் தாமே வாங்கி உண்பது தகாது. கருவுற்ற மகளிரும் சிறு குழந்தைகளும் உட்கொள்ளக் கூடாத மருந்து இது. சுகாதார நிலையத்தார் கூறும்போது, கூறும் அளவில் கொள்வதே முறை.

இது தீவுக்கு மட்டும் உரிய கவலையும் அன்று. இலங்கையில் 2008ஆம் ஆண்டில் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சலுக்கு ஆளாயினர். அவருள் நெல் வயல் உழைப்பாளிகள் மிகப் பலர். மும்பையில் மழை வெள்ளத்தில் முழங்கால் அளவு நீரில் நடந்து வேலைக்குச் செல்வோரையும், நம் ஊர்ப் பேட்டைகளில் சாக்கடை தூர்ப்போரையும் இது விடுவதில்லை. வயல் என்று நாம் கூறியதை, நேயர்கள் தத்தம் ஊருக்கேற்பத் தெரு என்றோ சாக்கடை என்றோ கொள்க.

வெளியூரில் வாழ்வோர்க்கு ஒரு சொல்

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு நோய் வந்தால், நோயோடு மொழியும் தூரமும் சேர்ந்து வருத்துகின்றன. திக்லிபூரில் சமுதாய சுகாதார நிலையம் இருக்கிறது. அடுத்து மாயாபந்தரில் டாக்டர் ஆர். பி. மருத்துவமனை, தலைநகரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை. திக்லிபூரிலிருந்து தலைநகர் வரை சாலை வழி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இடையே ஜாரவா பழங்குடியினரின் காட்டுப் பகுதியில், குறித்த நேரங்களில் மட்டுமே வண்டிகள் வரிசையாக அனுப்பப்படும். சிறுநீர் நின்றுபோன பின்னர் அச்சாலையில் புறப்படுவதற்கும், காய்ச்சல் கண்ட மறுநாளே உள்ளூர்ச் சுகாதார நிலையத்திற்கு நடந்து செல்வதற்கும் உள்ள வேறுபாடு, சில வேளைகளில் உயிருக்கும் இறப்புக்கும் உள்ள வேறுபாடே ஆகும்.

“ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்னும் எண்ணம் நம்மவரிடம் ஆழ்ந்து கிடக்கிறது. கப்பலேறிச் சென்னைக்கு வரும் மூன்று நாள்களைச் சிறுநீரகம் பொறுத்துக் காத்திராது. முதல் மருத்துவத்தை இருக்கும் ஊரிலேயே பெறுவோம். மொழி தெரியாதெனில், தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். பக்கத்து வீட்டு வங்காளியோ, கடைக்கார நண்பரோ, பள்ளியில் இந்தி பயிலும் நம் பிள்ளையோ அதற்குப் போதும். மூன்றே செய்திகளைச் சொன்னால் போதுமானது: எத்தனை நாளாய்க் காய்ச்சல், எந்த நீரில் இறங்கி வேலை செய்தோம், என்னென்ன மாத்திரை விழுங்கினோம். ‘எலிக்காய்ச்சல்’ என்பது பிற மாநில மருத்துவருக்கு விளங்காது. ‘லெப்டோ’ என்றால் உடனே விளங்கிக்கொள்வார்.

1931இல் அறிந்ததை மறந்தமையால், 1988 முதல் ஐந்தாண்டுகள் நாம் பெயர் தெரியாத காய்ச்சலுக்கு உயிர்களைக் கொடுத்தோம். இன்று பெயர் தெரியும், வழி தெரியும், மருந்து எங்கும் கிடைக்கும். மழை தொடங்குமுன் இச்செய்தியை, படிக்கத் தெரியாத உழைப்பாளி ஒருவருக்கு நம்மில் ஒவ்வொருவரும் வாய்மொழியாகச் சொல்லிவைப்போமாக. அவர் காலின் புண்ணைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினால், அதுவே இப்பேச்சின் பயன்.